பேரம் பேசாத ஆள்

மாத்தளை வெயில் இரும்புக்கடைப் படியேறி, கல்லாமேசை வரைக்கும் வந்து கிடக்கிறது. கல்லுடைக்கிற வெடிமருந்தை லைசன்ஸ் உள்ளவர்களுக்கு மட்டுமே விற்கும் இராசமாணிக்கம், இன்று லைசன்ஸ் இல்லாத ஒருவனுக்காக வெடிமருந்து அறைச் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டார். "சொன்ன வெலைக்கே எடுத்துக்கிறேன் மொதலாளி" என்று மறுபடியும் தேன் தடவுகிறான் அவன். பிளேன்டீ கொண்டுவந்த மனைவி சுதர்சினி, கணவரின் கையை அப்படியே அழுத்திப் பிடிக்கிறாள். "தம்பி பேரமே பேசலையே! சொந்தக் காசுன்னா வலிக்கும்ல? இது பொலிஸ் காசுங்க." அவன் காது சிவக்கிறது. "வெளிய வேன் நிக்குது அக்கா. வித்திருந்தா உங்கள ஏத்தியிருப்போம். குண்டு வைக்கிறவனுக்கு யாரு விப்பாங்கன்னு பாக்கிறதுதான் எங்க வேல." "ஆச காட்டுறது நீங்க, கம்பி எண்ணுறது நாங்களா?" அவன் டீயை வாங்கிக் குடிக்கிறான். "நல்லவேள, தடுத்தீங்க" என்கிறான், சுமை இறக்கியவன் மாதிரி. போகிறபோக்கில் வீட்டுக்கென்று ஒரு பூட்டை எடுத்து விலை கேட்கிறான். கேட்டதும் அலறுகிறான், பாதிக்குக் கேட்கிறான், படியிறங்கிப் போய்த் திரும்பி வருகிறான். இராசமாணிக்கம் சிரித்துக்கொண்டே அவன் கேட்ட விலைக்கே கொடுக்கிறார். "நட்டங்க" என்று பல்லைக் கடிக்கிறாள் சுதர்சினி. "இருக்கட்டும் தாயே" என்று சாவிக்கொத்தை அவள் கையில் வைக்கிறார்.