மொட்டைக் கத்தி

அந்த அம்மாள் மறுபடியும் கடைப் படியேறுவதைப் பார்த்ததும் தையல் சாமான் கடைக்காரர் கல்லாப் பெட்டியை இழுத்துச் சாத்தினார். இன்றைக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“நீங்க அப்படி வாசல் பக்கமா உக்காருங்க. இங்க வந்து நிக்க வேணாம்.”

அவரை விரட்டாத குறையாக ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, பையிலிருந்து, சக்கரம்போல் உருட்டித் துணி வெட்டும் உருளைக் கத்தியை எடுத்து மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.

“இது ஒரு கத்தியா? வாழைப்பழம்கூட நறுக்காது.”

“அம்மா, முதல்ல கத்தரிக்கோல் சரியில்லைன்னீங்க, மாத்திக் கொடுத்தேன். அப்புறம் பேனாக்கத்தி. இப்ப இதுவுமா?”

“நல்ல பொருளா வெச்சிருந்தா நான் ஏன் நாயா அலையப்போறேன்?”

அவள் தைப்பது ஒட்டுத்துணிப் போர்வை. பேப்பரில் கோடு போட்டு, கோட்டின்மேல் துண்டுத் துணிகளை வைத்துத் தைத்து, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுப் பேப்பரையும் துணியையும் சேர்த்து வெட்ட வேண்டும். நூலிழை பிசகினாலும் பக்கத்துத் துண்டோடு பொருந்தாது.

சாட்சிக்கு ஒரு நட்சத்திரத் துண்டைக் கொண்டுவந்திருந்தாள். நூலிழையா? ஓரம் முழுக்க எலி கடித்த மாதிரி இருந்தது.

“பாருங்க, உங்க கத்தி பண்ணின லட்சணத்தை.”

கடையில் நின்ற இரண்டு பெண்கள், கையிலெடுத்த கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தார்கள். கடைக்காரருக்குச் சுருக்கென்றது. இப்படியே விட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

ஸ்டூலில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தார். வலது கையைப் பாக்கெட்டில் விட்டபடி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் மனிதர். பாவம், இவளோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறாரோ!

“எல்லாரும் பாருங்க,” என்று கடைக்காரர் குரலை உயர்த்தினார். பலகைமேல் துணியை நாலாக மடித்துப் போட்டு, நடுவில் ஒரு பேப்பரைச் செருகினார். அளவுகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே கத்தியால் ஒரே இழுப்பு. கோடு கிழித்ததுபோல் நேராக விழுந்தது வெட்டு.

“கத்தி மேல குத்தம் இல்லைம்மா. வெட்டுற கை சரியில்லை. கை ஆடுது. அதுக்கு என் கடைல மருந்து கிடையாது.”

இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

அம்மாளின் முகம் செத்துப்போயிற்று. கடைக்காரரைப் பார்க்கவில்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து வந்தார்.

“இப்படிக் கொடுங்க தம்பி.”

இடது கையால் கத்தியை வாங்கி, வட்ட பிளேடை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார்.

“அவ சொல்றதுதான் சரி. பிளேடுல பல்லு விழுந்திருக்கு, ஓரம் சின்னச் சின்னதா உடைஞ்சிருக்கு.”

“பல்லா? எங்க சார்?”

“கேட்டீங்களா!” அம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “கார்மெண்ட்ஸ்ல கட்டிங் மாஸ்டரா இருந்தவர் சொல்றார். உங்களுக்கு என்ன தெரியும் பிளேடைப் பத்தி? சின்ன சைஸ் எங்க இருக்கு, நானே பாத்துக்கறேன்.” முறைத்துக்கொண்டே உள் அலமாரிப் பக்கம் போனாள்.

கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆக, புருஷனும் பெண்டாட்டியும் கூட்டுக் களவாணிகள்!

“என்ன சார் இது? தொழில் தெரிஞ்ச மனுஷன், இப்படியா வாய் கூசாம பொய் சொல்வீங்க?”

“சத்தம் போடாதீங்க.”

அவர் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது தன்பாட்டுக்கு நடுங்கியது. இடது கையால் அழுத்திப் பிடித்தார். நிற்கவில்லை.

“கத்தி நல்ல கத்திதான் தம்பி. வீட்ல அவ தைப்பா, வெட்டுறது நான். டாக்டர் சொன்னதுல பாதியைத்தான் எங்கிட்ட சொன்னா. மீதியை இந்தக் கையே சொல்லிடுச்சு.”

கடைக்காரர் தான் வெட்டிக் காட்டிய துணியைச் சுருட்டி மேஜைக்கு அடியில் வைத்தார்.

“ஏங்க, இதுவாவது வெட்டுமா?” உள்ளேயிருந்து அம்மாளின் குரல்.

“வெட்டும், எடுத்துட்டு வா,” என்று அவர் உரக்கச் சொன்னார். பிறகு மேஜைமேல் குனிந்தார்.

“இந்த ஒரு தடவை மாத்திக் கொடுத்துடுங்க தம்பி. இன்னொரு கத்தி கேட்டு வர்ற அளவுக்கு இந்தக் கை தாங்காது. இது இனி தேறாத கைன்னு எனக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் அவ கத்தியைத் திட்டுறா. எனக்குத் தெரியும்கறது அவளுக்குத் தெரிய வேணாம்.”