மறுப்போர் இல்லை என்க

அந்த மாகாணத்தின் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்கு ஒரே ஓர் உறுப்பினர்தான், பெயர் திருமேனி. மற்ற இருக்கைகளையெல்லாம் ஆளுங்கட்சி நிறைத்திருந்தது. ஆயினும் அவர் எழுந்தால் முதலமைச்சர் முகம் திருப்பிப் பார்ப்பார். பெயர் சொல்லிப் பதில் அளிப்பார். சொந்தக் கட்சிக்காரனுக்குக் கிட்டாத பார்வை எதிரிக்குக் கிட்டுகிறதே என்று கடைசி வரிசை மாசிலாமணி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

“மேசையை நல்லாத் தட்டுங்கண்ணே, தலைவர் பார்ப்பார்” என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

“ஊரே தட்டும்போது என் கை எதுன்னு அவருக்கு எப்படிய்யா தெரியும்?”

பதவிக்காலத்தின் கடைசி மசோதா வந்தபோது திருமேனி காய்ச்சலில் படுத்திருந்தார். “ஏற்போர் ‘ஆம்’ என்க” என்றார் பேரவைத் தலைவர். அவை அதிர்ந்தது. “மறுப்போர் ‘இல்லை’ என்க” என்று வழக்கத்துக்காகச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாளைப் புரட்டினார்.

“இல்லை” என்றது ஒரு குரல்.

கட்சியே திரும்பிப் பார்த்தது. பக்கத்து இருக்கைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தும், மாசிலாமணி கைகூப்பியபடி முகம் மலர நின்றார்.

முதலமைச்சர் கோப்பிலிருந்து தலை நிமிராமலே கனிவாகக் கேட்டார்:

“வாங்க திருமேனி, உடம்பு தேவலையா?”