நடுப்பெட்டி

“வீட்ல எத்தனை பேர் சார் உட்கார்ந்து பார்ப்பீங்க?” என்று கடைக்காரர் கேட்டார்.

“மூணு பேர்” என்றான் அண்ணன்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

தன் காதில்தான் தப்பாக விழுந்துவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டாள். அப்பா, அண்ணன், தான், அம்மா என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். வரிசையை மாற்றி இன்னொரு முறை எண்ணினாள். எப்படி எண்ணினாலும் நாலுதான் வந்தது.

அண்ணன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நிஜமாகவே மூன்று பேர் என்று நினைத்துத்தான் சொல்லியிருந்தான். பக்கத்தில் நின்ற அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

புது டிவி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. படம் அத்தனை துல்லியம். நடிகரின் மீசையில் முடியை எண்ணலாம். சத்தம் மட்டும் சளி பிடித்தவன் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. கையைக் கடிக்காத விலையில் ஒரு ஸ்பீக்கர் செட் எடுக்கலாம் என்று மூவரும் கிளம்பி வந்திருந்தார்கள்.

அம்மா டிவி பார்ப்பதில்லை. கேட்பாள்.

கூடத்தில் தொடர் ஓடும் நேரமும் சமையலறையில் அடுப்பு எரியும் நேரமும் ஒன்று. நடுவில் ஒரு சுவர். எந்த நடிகையின் முகமும் அம்மாவுக்குத் தெரியாது. குரலை வைத்தே நல்லவள் யார், குடி கெடுப்பவள் யார் என்று பிரித்து வைத்திருந்தாள். பழைய டிவி கத்தியாவது தொலைத்தது. புதியது வந்த பிறகு அந்தக் குரலும் சுவரைத் தாண்டவில்லை.

ஒரு வாரமாக அம்மா கரண்டியைப் பிடித்தபடி சமையலறை வாசலில் ஒரு காதை நீட்டிக்கொண்டு நிற்பதை அவளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

கடைக்காரர் முதலில் ஒரு சவுண்ட்பாரைக் காட்டினார். எல்லாம் ஒரே நீளப் பெட்டிக்குள் அடக்கம். அதே விலைக்குப் போன வருஷத்து மாடல் ஒன்றும் இருந்தது. ஐந்து சின்னப் பெட்டிகள், அதிரும் சத்தத்துக்கு ஒரு வூஃபர். அதில் ஹெலிகாப்டர் காட்சியைப் போட்டார். ஹெலிகாப்டர் அறையைச் சுற்றியது. அண்ணனின் கழுத்தும் கூடவே சுற்றியது. அப்பா லேசாகக் குனிந்துகொண்டார்.

யாராவது பேசுகிற காட்சி போடுங்கள் என்றாள் அவள்.

கடைக்காரர் சிரித்தார். பேச்சைக் கேட்டு யாரும் ஸ்பீக்கர் வாங்குவதில்லையாம். பேச்சு நடுப்பெட்டியில் வரும், மற்றதெல்லாம் பாட்டுக்கும் மழைக்கும் சண்டைக்கும் என்று போகிற போக்கில் விளக்கினார்.

சவுண்ட்பாரைப் பிரிக்க முடியாது. ஐந்து பெட்டிகளைப் பிரிக்கலாம். சாதாரண இரட்டை வயர், வேண்டிய தூரத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். அவள் மாலை வகுப்பில் வயரிங் படிக்கிறாள். வாழ்க்கையில் மற்ற எதைப் பற்றியும் அவளுக்கு இத்தனை நிச்சயம் கிடையாது. பழைய மாடலையே எடுக்கலாம் என்றாள். விலையைக் கேட்ட அப்பாவும் சரி என்றார்.

பில் போடும்போதுதான் கேட்டாள். தனியாக விற்கிற குட்டிப் பெட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கினால், நடுப்பெட்டி வயரோடு இணைத்துச் சமையலறையில் மாட்டிவிடலாம்.

அண்ணன் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான். “வயரிங் மேடம், சமையலறையில யாரு படம் பாக்குறா?”

அம்மா வாயைத் திறந்து கேட்டாளா, நீ ஏன் கிடந்து குதிக்கிறாய் என்றும் சேர்த்துக்கொண்டான். அப்பா பர்ஸை மூடிப் பைக்குள் வைத்தார்.

அந்தக் குட்டிப் பெட்டிக்கான பணம் அவளிடமே இருந்தது. எடுக்கக் கை போனது. தான் கேட்ட விதம்தான் சரியில்லையோ என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள். அதை வாங்க வேண்டியவர்கள் அவர்கள்தான், அவள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபிட்டிங்கைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கூலி மிச்சம் என்று அண்ணன் அவளை வாயாரப் பாராட்டிவிட்டு வெளியே போனான்.

சாயங்காலம் படம் போட்டார்கள். அப்பா நடுவில், அண்ணன் ரிமோட்டோடு ஒரு பக்கம், அவள் மறுபக்கம்.

சோபாவுக்குப் பின்னால் மழை கொட்டியது. இடப்பக்கம் கதவு கிறீச்சிட்டது. வலப்பக்கம் ரயில் ஒன்று புறப்பட்டுப் போனது. அப்பா சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார். கதாநாயகன் மழையில் நனைந்தபடி ஓடி வந்து கதாநாயகியைத் தடுத்து நிறுத்தி வாயைத் திறந்தான்.

மழைதான் கேட்டது.

உதடு அசைந்தது. கதாநாயகியின் கண்ணில் நீர் முட்டியது. வயலின் உருகியது. பேச்சு மட்டும் இல்லை.

அண்ணன் ரிமோட்டைத் தட்டினான், உதறினான், பேட்டரியைத் திருகினான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம், கணீரென்று, கதாநாயகன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தான்.

விருட்டென்று எழுந்து போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். அம்மா உதட்டில் விரலை வைத்து அவனை விரட்டியிருந்தாள்.

“நீ என்ன பண்ணி வச்சிருக்க?” என்று அவளிடம் பல்லைக் கடித்தான்.

“நீ சொன்னபடிதான். இங்க மூணு பேர் பாக்குறோம்” என்றாள்.

அப்பாவுக்குச் சண்டையில் கவனமில்லை. திரையில் கதாநாயகி கதாநாயகனை ஓங்கி அறைந்துவிட்டாள். ஏன் என்று தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைப் பக்கம் கழுத்தை நீட்டினார்.

“ஏம்மா, இப்ப அவன் என்ன சொன்னான்?”

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வி சமையலறையிலிருந்து கூடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து திரும்பிப் போனது எப்போதும் ஒரே பதில்.

அம்மா அடுப்பைத் தணித்தாள். வசனம் முழுவதும் முடியும்வரை கேட்டாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்.

“ஒண்ணுமில்ல.”