கூடக்குறைய மூன்றே முக்கால்

முதுமக்கள் தாழிக்குள் கிடந்த தொடையெலும்பு உடையாமல் வந்துவிட்டது.

திருச்சுழிக்கு மேற்கே அந்தக் கரிசல் மேட்டைத் தோண்டத் தொடங்கி நாற்பது நாளாகிறது. இதுவரை கிடைத்த எலும்பெல்லாம் கை பட்டதும் உதிர்ந்து போயின. தொல்லியல் ஆய்வாளர் அனுசியா மூச்சை அடக்கிக்கொண்டு இதை அளவுப் பலகையில் கிடத்தினாள்.

"நாப்பத்திரண்டு புள்ளி மூணு. எழுதிக்கோ."

சத்யபிரியா எழுதினாள். மண் சுமக்க வந்த பந்தல்குடிப் பெண். டிகிரி முடித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் இரண்டாம் வாரமே கூடை போய்க் குறிப்பேடு கைக்கு வந்திருந்தது.

இடுப்பெலும்பைப் பார்த்தபோதே பெண் என்று தெரிந்துவிட்டது. இனி உயரம்தான். தொடையெலும்பின் நீளம் தெரிந்தால் ஆளின் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். அனுசியா போட்டாள்.

"நூத்தம்பத்தெட்டரை சென்டிமீட்டர். கூடக்குறைய மூணே முக்கால்."

"அம்புட்டு விட்டுக் குடுப்பீகளா மேடம்?"

"குடுத்துத்தான் ஆகணும். ரெண்டாயிரத்தைந்நூறு வருசமாச்சு. நேர்ல வந்தா நிக்கப் போறா?"

சத்யபிரியா சிரிக்கவில்லை. குனிந்து எழுதினாள்.

டீ குடிக்கும்போது அனுசியா குறிப்பேட்டைப் புரட்டினாள். உயரம்: 162. அவ்வளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாற்பது நாளில் அவள் ஒரு புள்ளிகூடத் தப்பாக வைத்ததில்லை.

"என்ன சத்யா இது?"

சத்யபிரியா தலைத்துண்டை அவிழ்த்து மண்ணை உதறினாள். முகத்தில் பயமில்லை.

"நூத்தம்பத்தொம்பது இருந்தாத்தான் போலீஸுக்கு எடுப்பாக மேடம். விருதுநகர் மைதானத்துக்கு மூணு தடவ போனேன். பரீட்சையில எல்லாம் நல்ல மார்க்குதான். மூணு தடவையும் அரை சென்டிமீட்டருல திருப்பி அனுப்பிட்டாக. இந்த வருசத்தோட வயசும் முடிஞ்சிருச்சு."

துண்டை மறுபடி கட்டிக்கொண்டாள்.

"இந்தம்மாவாவது தேறட்டுமேன்னு எழுதிட்டேன்."

அனுசியா பேனாவை எடுத்து 162-ஐ அடித்தாள். பக்கத்தில் சரியான எண்ணை எழுதினாள். எழுதி முடிக்கும் வரை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

விருதுநகர் மைதானத்தில் அளவுகோலைப் பிடித்திருந்தவரும் இப்படித்தான் பார்க்காமல் எழுதியிருப்பார் என்று அனுசியாவுக்குத் தோன்றியது.