முனியராஜ் கார்ச் சத்தம்

கடப்பாரையோடு வந்தவர்களில் பாதிப் பேர் அன்று காலையில்தான் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தார்கள்.

"எங்கலே அந்தக் காரு? மொதல்ல அத ஒடைங்கலே!"

நாலு கல்லின் மேல் சக்கரம் இல்லாமல் நின்றது முனியராஜின் பழைய மாருதி. அவன் யாரையும் தடுக்கவில்லை. உடைந்து தொலையட்டும் என்று சுவரோரம் நின்றான்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவன் அவன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆளுக்கொரு கிறுக்கு, அவனுக்கு இந்தக் கார். யாரோ கழித்துக்கட்டிய எண்பத்தெட்டு மாடல் வண்டியை வாங்கி, ஞாயிறு தவறாமல் டிங்கரிங் பார்த்தான். சிவப்புப் பெயிண்ட் அடித்தான். அகல டயர் போட்டான். பிரஸ்ஸிலேயே ஸ்டிக்கர் அடித்து ஒட்டினான். அதோடு விட்டிருக்கலாம். சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, மதுரையிலிருந்து பெரிய குழாய் ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். அங்கேதான் பிடித்தது சனி.

ஓடுகிற வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், "டமார்!"

வேறு ஊராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவன் ஊர் இருக்கிற ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் திட்டுவதற்கு யாருக்கும் நேரமில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் இருப்பவர்கள் வெளியே ஓடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் கம்பெனியைப் பார்த்து ஓடுவார்கள். முதல் நாள் அப்படி வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடிவந்த பெண்கள், ரோட்டில் வந்த சிவப்புக் காரைப் பார்த்ததும் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

முனியராஜ் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவனுக்கு நெஞ்சு எரிந்தது.

போகப் போக ஊருக்குப் பழகிவிட்டது. "முனியராஜ் காருதான்" என்று அவரவர் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நேற்று கம்பெனியில், வெடிமருந்து கலக்குகிற ரூமில் முதலில் சின்னதாக ஒரு வெடி. பக்கத்து ரூமில் இருந்தவர்கள் அப்போதே ஓடியிருந்தால் பிழைத்திருப்பார்கள். ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ரூமும் போய்விட்டது. ஆறு பேர். அத்தனையும் பெண்கள்.

ஏன் ஓடவில்லை என்று விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. முனியராஜ் கார் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார்களாம்.

கார் நேற்று ஓடவே இல்லை; சக்கரத்தைக் கழற்றி மூன்று நாளாயிற்று. அதனால் என்ன? பொய்ச் சத்தம் போட்டுப் போட்டு அவர்கள் காதைக் கெடுத்தது யார்? ஊர் கேட்பதற்கு முன்பே முனியராஜ் தன்னைத்தானே கேட்டுவிட்டான்.

கார் கண்ணாடி நொறுங்கியது. அடுத்த கல்லை ஒருவன் முனியராஜைப் பார்த்து ஓங்கியபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கம்பெனி போர்மேன் சங்கையா வந்து குறுக்கே நின்றார். அவருக்கும் முழங்கையில் கட்டு.

"விடுங்கப்பா. செத்தவுக அம்புட்டுப் பேரும் எனக்கு மக மாதிரி. இவன் விவரமில்லாம செஞ்சிட்டான். இவனக் கொன்னா போனவுக வந்துருவாகளா?"

கல்லைக் கீழே போட்டவன் விம்மி அழுதான். "போர்மேன் மனசு யாருக்கு வரும்?" என்றார் ஒருவர். கூட்டம் கலைந்தது.

"அண்ணாச்சி, நாந்தான் கொன்னுட்டேன்." முனியராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சரிலே, நடந்தது நடந்துபோச்சு. மதுரை ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போயிராத. வேலுத்தாய் மகளப் பறிகொடுத்தவ. உன்னப் பாத்தா தாங்கமாட்டா."

அந்தப் பக்கத்து ரூமில் உயிரோடு மிஞ்சியது வேலுத்தாய் ஒருத்திதான். அவளும் மகள் பானுப்பிரியாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெடிக்குத் திரி வைக்கிறவர்கள்.

ரெண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். சோறு இறங்கவில்லை. வேலுத்தாய் கையால் செருப்படி பட்டாலாவது தூக்கம் வரும் என்று மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

வார்டில் முகத்தை வைத்துத்தான் அவளை அடையாளம் தெரிந்தது. மற்றதெல்லாம் கட்டு.

"சித்தி... முனியராஜ் வந்துருக்கேன்."

வேலுத்தாய் கண்ணைத் திறந்தாள். "ஏலே, காரைப் போட்டு ஒடைச்சுட்டாகளாமே?"

"ஒடைக்கட்டும் சித்தி. அந்தச் சத்தத்தாலதான நீங்கல்லாம் ஓடாம உக்காந்துட்டீக. பானுவ நாந்தான்..."

"நாங்க உக்காந்துட்டோம்னு யாருலே சொன்னா?"

"ஊரே சொல்லுது. அடிக்க வந்தப்ப என்னையக் காப்பாத்துனாரே சங்கையா அண்ணாச்சி, அவரே..."

வேலுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தண்ணீர் கேட்டாள். பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்தான்.

"காருச் சத்தம் வேற, மருந்துச் சத்தம் வேறலே. எங்களுக்கா தெரியாது? கேட்டதும் எல்லாரும் எந்திரிச்சிட்டோம். பானுதான் மொத ஆளா வாசலுக்கு ஓடுனா..."

மூச்சு வாங்கியது அவளுக்கு.

"'முனியராஜ் காருதான், தீவாளி ஆர்டர் கெடக்கு'ன்னு, அவ தோளப் பிடிச்சு உள்ள தள்ளி, திரும்ப உக்கார வச்சது சங்கையாதான்லே."