இரண்டடி உயரம்

நெவாடா பாலைவனத்தில் தான் பட்டியலிட்ட தொண்ணூற்றொன்பது சிகரங்களிலும் ஏறி முடித்தவள் என்று மலையேறும் சங்கம் நோரீனுக்குப் பதக்கம் கொடுத்திருந்தது. போன மாதம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அவள் கடைசியாக ஏறிய மலையில், அவள் நின்ற முகட்டைவிடப் பக்கத்து முகடுதான் இரண்டடி கூடுதல் உயரமாம்.

“ரெண்டடிக்காக மறுபடியும் இந்த வெயில்ல ஏறணுமா?” கூட வந்த தோழி கார்லா வழியெல்லாம் திட்டினாள். “அளந்து சொன்ன கிறுக்கன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!”

“பேசாம ஏறுடி, மூச்சு வாங்குது.”

தவழ்ந்து உச்சியைத் தொட்டார்கள். ஏறியவர்கள் பெயரெழுதச் சங்கம் அங்கே தகரப் பெட்டியில் வைத்திருந்த நோட்டில் நோரீன் பெயரெழுதிவிட்டு, “தொண்ணூத்தொம்பது!” என்று கத்தினாள்.

“இப்பவாவது சொல்லு, அளந்தது யாரு?”

“நான்தான். அன்னைக்கு அந்தப் பழைய முகட்டுல நின்னப்பவே சந்தேகம். கருவியோட திரும்ப அங்கேயே போய், அங்கேருந்தே இதை அளந்து, நானே சங்கத்துக்கு எழுதிப் போட்டேன்.”

“அடிப்பாவி! யாருக்குடி தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே. இப்பக் கொடுக்கச் சொல்லு அந்தப் பதக்கத்தை!”