அஞ்சு நிமிஷம் வெளியே உட்காருங்க

மூன்றாவது தடவையாகக் கம்ப்யூட்டர் கண்ணை மூடியது.

பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, தன் வாழ்நாளிலேயே இப்படியொரு நன்றிகெட்ட நோயாளியைக் கண்டதில்லை என்பதுபோல அதைப் பார்த்தார்.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. என்ன, கொஞ்சம் சத்தம். மேசைக்கடியில் ஒரு விமானம் நின்றுகொண்டு, கிளம்பலாமா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசிப்பதுபோல.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் மாலை ஐந்து மணிக்கு அவர் மனைவி இணையச் சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தை ஆட வேண்டும். உலகத்தில் பாதிப் பேரைச் சாய்த்துவிட்டு வந்து நிற்கிறாள். நேரத்துக்கு உட்காரவில்லையென்றால் ஆடாமலே தோல்வி.

மூக்குக்கண்ணாடியின் காது கழன்றுவிட்டதென்று அவள் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுத்தம் செய்து அசத்திவிடலாம் என்று இவருக்குத் தோன்றியது. கிளினிக்கை மூடியதிலிருந்து கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டிக்கே வேர் சிகிச்சை செய்து பார்த்தவர்.

மேசைமேல் வெள்ளைத் துணி விரித்தார். தட்டில் சின்னக் கண்ணாடி, கொக்கி, பிரஷ், காற்று ஊதும் ரப்பர் குமிழ், பஞ்சுச் சுருள்கள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

ஊதினால் உள்ளிருந்த விசிறி பம்பரமாகச் சுற்றியது. எத்தனை துள்ளுகிற நாக்கை அடக்கியவர் அவர். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைப்பதுபோலப் பஞ்சுச் சுருளை இடுக்குகளில் செருகி அதையும் அடக்கினார். அப்புறம் ஊதினார். வந்த தூசியில் இரண்டு தலையணை தைக்கலாம். மிச்சத்தில் ஒரு பூனையே செய்யலாம்.

மூடி, திருகி, ஸ்விட்சைப் போட்டால் திரையில் ஒன்றுமில்லை. கீச் கீச்சென்று ஓலம் மட்டும்.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா? ஆடுகிற பல்லாக ஏதாவது இருக்கும் என்று மறுபடி திறந்து, ரேம் அட்டையைப் பிடுங்கி, அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்தினார். படம் வந்துவிட்டது. 'கொப்பளிங்க' என்று சொல்லாத குறை.

அந்தச் சந்தோஷம் நான்கு நிமிடம்கூட நீடிக்கவில்லை. பட்டென்று அணைந்தது.

வேறு பிளக்கில் மாட்டினார். அணைந்தது. வேறு வயர் போட்டார். அணைந்தது. ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் அசையாமல் இருந்தன. மூடிய பிறகுதான் ஸ்விட்சைப் போட்டார். வாயைத் திறந்தபடி யாரையும் வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை.

பெட்டியின் முதுகைத் தொட்டால் ஜுரம் கொதித்தது.

முப்பத்தாறு வருஷத் தொழிலில் ஒரு நோயாளி குறை சொல்லித் திரும்பி வந்ததுண்டா? பக்கத்துத் தெரு டாக்டர் சாவிக்கொத்தையே நோயாளி வாய்க்குள் மறந்துவிட்டாராம். கதையைக் கிளப்பியது இவர்தான் என்றாலும், கேட்டவர்கள் எல்லாரும் இவரிடமே வந்தார்கள்.

அவர் கிளினிக்கில் குறை என்று சொன்னால் ஒன்றுதான். முன்னறை மேசையில் இருந்த மனைவி, சிகிச்சை முடிந்து வெளியே வருகிற யாரையும் லேசில் விடமாட்டாள். "அஞ்சு நிமிஷம் உட்காந்துட்டுப் போங்க" என்று பிடித்து வைத்துக்கொள்வாள். அவளுக்குப் பேச ஆள் வேண்டும், போகட்டும் என்று இவரும் விட்டுவிட்டார். மரத்துப்போன வாயோடு அவர்கள் என்னத்தைப் பேசியிருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கதவு திறந்தது. மணி நாலேகால்.

மனைவி வெள்ளைத் துணியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். கடைசியாகத்தான் இவரைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தானா உங்களுக்குக் கை அரிக்கணும்?"

"சுத்தம்தாம்மா பண்ணேன். அது சும்மா அடம் பிடிக்குது."

திட்டியிருந்தால் தேவலை. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கைப்பையோடு பெட்டியின் முன்னால் மண்டியிட்டாள்.

"நீங்க அஞ்சு நிமிஷம் வெளியே உட்காருங்க."

ஹாலில் போய் உட்கார்ந்தார். பல் பிடுங்க வந்தவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

திருகு கழலும் சத்தம். கைப்பையின் ஜிப் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, விமானமும் இல்லாமல் ஓலமும் இல்லாமல், தேனீ ஒன்று தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல மெல்லிய ரீங்காரம்.

நான்கு நிமிடம் தாண்டியது. பத்தும் தாண்டியது. ரீங்காரம் நிற்கவில்லை.

எட்டிப் பார்த்தார். திரையில் காய்கள் அணிவகுத்து நின்றன. மனைவி முதுகை நிமிர்த்தி, எதிராளிக்காகக் காத்திருந்தாள்.

அவள் பக்கத்தில், காபி டம்ளரின் தட்டில், விசிறி இறக்கையில் நசுங்கிச் சாம்பல் நிறமாகிப்போன ஒரு பஞ்சுச் சுருள் கிடந்தது.

"ஏம்மா... அப்போ கிளினிக்ல..."

"ஆட்டம் ஆரம்பிக்கப் போகுதுங்க. அப்புறம் பேசலாம்."

பஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடுக்கி இருந்தது. அவர் தட்டில் இருந்ததல்ல. அவளுடையது. கிளினிக் முன்னறை மேசையின் இழுப்பறையில் எப்போதும் கைக்கெட்டும் இடத்திலேயே கிடக்கும்.

புருவம் திருத்த வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார்.